முழு அவநம்பிக்கைக்கு முன்னுரிமை

"வண்டியை நீயே எடுத்துக்கோடா," என்றாள் அக்கா.

"ஏன், நீ ஓட்டலையா?"

"ஓட்டின வரைக்கும் போதும்."

"பேட்டரி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, என்னைவிடத் தெம்பா இருக்கு. ஆனா ஒண்ணுடா..."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் வழக்கம் அது. யார் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், "கடையை யார் பாத்துக்கறது?" என்று அதற்குள் கேட்டுவிடுவேன். அன்றும் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல போ. டீ ஆறுது, குடி," என்றாள் அக்கா.

இந்தப் பேச்சு நடந்து ஐந்து வாரம் ஆகிறது. இதைக் கேட்கிற எவரும் நான் எந்த இடத்தில் தவறினேன் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு மட்டும் அன்று தெரியவில்லை. அந்த 'ஆனா ஒண்ணு' பேட்டரியைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று வீடு வருகிறவரை யோசித்து, வீட்டுக்குள் நுழையும்போது முடிவே செய்துவிட்டேன்.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ். அத்தான் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். ஆறு வருடமாக அந்தச் சின்ன வெள்ளை மின்சாரக் காரில்தான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். உள்ளே உட்கார்ந்தால் லேசாக ஸ்பிரிட் வாசனை வரும். பேட்டரியை எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றமாட்டாள், இருபதுக்குக் கீழே இறங்க விடமாட்டாள். என்றைக்கு எவ்வளவு ஏற்றினாள், எவ்வளவு தூரம் ஓட்டினாள் என்று நோயாளியின் காய்ச்சலைக் குறிக்கிற மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்க் கண் பரிசோதனை செய்வேன். தோள் இறங்கிப்போய்விட்டது. வண்டி வேண்டும். ஆனால் வாங்கின மறு வருஷம் பேட்டரி படுத்துக்கொண்டால் புதுசு மாற்ற எனக்கு வழி கிடையாது.

"அதுக்கு எதுக்கு இப்படி முழிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி. "அக்காகிட்டயே நேரா கேளுங்களேன்."

"எப்படிக் கேக்கறது? நம்பலைன்னு நினைச்சுக்குவா."

"அப்ப நம்புங்க."

"பாதி சொல்லி நிறுத்திட்டாளே."

"நீங்க எங்க முழுசா சொல்ல விட்டீங்க? சரி, தெருமுனை மெக்கானிக் இருக்காரில்ல, ஒரு கருவியை வண்டியில சொருகிப் பத்து நிமிஷத்துல சொல்லிடுவாராம். எதிர்வீட்டுக்காரங்க அப்படித்தான் பார்த்து வாங்கினாங்க."

"அவர்கிட்ட சீல் கிடையாது," என்றேன்.

நான் படித்தவன். அத்தாட்சி என்றால் அதற்கு ஒரு கட்டடம் வேண்டும், கட்டடத்துக்கு ஒரு படிக்கட்டு வேண்டும் என்று நம்புகிறவன். பஸ் நிறுத்தங்களில் எல்லாம் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ஒரு குடும்பமே பழைய காரின் மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். 'பழைய மின்வண்டியா? நம்பிக்கையோடு வாங்குங்கள். மின்கல நம்பிக்கை ஆணையம்.' யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் போனேன்.

*

ஆணையம் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்டில் 'அவசரகால மின்கலம் பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மூச்சு வாங்க ஏறிப்போனேன். கவுண்டருக்கு மேலே சுவர்க் கடிகாரம் நாலு இருபதில் நின்றிருந்தது. அப்போது காலை பதினொன்று.

"சீக்கிரம் சொல்லுங்க சார், நாலரைக்கு மூடிடுவோம்," என்றார் கவுண்டர் அம்மா.

கடிகாரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி போடலாமே என்று கேட்டேன். ஆணையத்துக்குள் வருகிற எந்த பேட்டரிக்கும் ஆணையத்தின் நம்பிக்கைச் சான்று இருக்கவேண்டுமாம். விண்ணப்பித்திருக்கிறார்களாம். அதுவரை, இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்ற பதற்றத்திலேயே அவர் நாள் முழுக்க வேலை பார்த்தார்.

"யார்கிட்ட வாங்கறீங்க?"

"எங்க அக்காகிட்ட."

"அவங்களை நம்பறீங்களா?"

"நம்பறேங்க."

அவர் நீட்டியிருந்த படிவத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "நம்பறவங்களுக்கு நாங்க எதுக்கு சார்? வீட்டுக்குப் போங்க."

"இல்லை, ஒரு சின்ன சந்தேகம்..."

"அப்படிச் சொல்லுங்க." படிவம் மறுபடி வெளியே வந்தது. "இது அவநம்பிக்கை உறுதிமொழி. இல்லாத இடத்துலதானே சார் நம்பிக்கையை வைக்க முடியும்? முதல்ல இல்லைன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. லேசான அவநம்பிக்கை. நடுத்தர அவநம்பிக்கை. முழு அவநம்பிக்கை. பேனாவை லேசானதின் மேல் கொண்டுபோனேன்.

"அது தொண்ணூறு நாள் ஆகும்," என்றார். "நடுத்தரம் நாப்பத்தஞ்சு. முழுசுன்னா ஏழே நாள். முழு அவநம்பிக்கைக்கு முன்னுரிமை உண்டு."

"எங்க அக்கா மேல முழு அவநம்பிக்கையா? இல்லைங்களே."

"யாருக்கும் இருக்கறதில்ல சார். எல்லாரும் அதைத்தான் போடறாங்க. அவசரம்."

எனக்கும் அவசரம். மறுவாரம் மூன்று பள்ளிக்கூடம் இருந்தது. முழு அவநம்பிக்கையில் டிக் அடித்தேன். அந்தப் பேனா நன்றாக எழுதியது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்தது காரணம். குறைந்தது இருபது சொற்கள் வேண்டுமாம். 'பேட்டரியைப் பற்றிப் பேசும்போது பாதியில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது' என்று எழுதினேன். கவுண்டர் அம்மா பேனா முனையால் எண்ணினார்.

"பன்னண்டுதான் வருது. இன்னும் எட்டு வேணும்."

"வேற ஒண்ணும் தோணலைங்களே."

"சின்ன வயசுல ஏதாவது மறைச்சிருப்பாங்களே. மறைக்காத அக்கா எங்க சார் இருக்கா?"

மறைத்திருந்தாள். ஏழாம் வகுப்பில் நான் கணக்கில் எடுத்த மதிப்பெண்ணை அப்பாவிடமிருந்து மறைத்தாள். தாளைத் தன் பாவாடைகளுக்கு அடியில் வைத்து ஒரு வருஷம் காப்பாற்றினாள். இதைச் சொன்னேன். கவுண்டர் அம்மா நெகிழ்ந்து போனார். "பாவம், தங்கமான அக்கா," என்றபடி எழுதச் சொன்னார்: 'மேலும் இவர் சிறு வயதிலிருந்தே பல முக்கியமான விஷயங்களை மறைத்து வந்துள்ளார்.'

"இது ஒம்பது. ஒண்ணு அதிகம். பரவாயில்ல," என்று முத்திரை குத்தினார்.

*

வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அக்காவிடம் கேட்கப் போனேன். "சும்மா ஒரு செக்கப்" என்றேன். எங்கே, எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை. சாவியையும் நோட்டையும் எடுத்துக் கையில் வைத்தாள்.

"நோட்டும் வேணும்னா எடுத்துட்டுப் போ. பதமா ஓட்டு. பிரேக்கை உதைக்காத."

ஆறு வருஷத்து வண்டி. பூனை நடக்கிற மாதிரி ஓடியது. பதினெட்டு கிலோமீட்டருக்கு எண் மெதுவாக, மரியாதையாக இறங்கியது. திரையில் 'மின்கல நலம் 91' என்று இருந்தது. போகும் வழியெல்லாம் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. அது இருக்கும்போதே திரும்பியிருக்கலாம்.

ஆணையத்தின் வாசலில் காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். "ஓட்டிட்டா வந்தீங்க?"

"காரை வேற எப்படிங்க கொண்டுவர்றது?"

"இழுத்துட்டு வரணும். ஓட்டினா பேட்டரி குறைஞ்சிடும். குறைஞ்ச பேட்டரிக்கு எப்படிச் சான்று தருவாங்க?"

தெருக்கோடிவரை பின்னால் ஓட்டிப்போய், இழுவை வண்டி ஒன்றை அழைத்து, இருநூறு அடி இழுத்துக்கொண்டு வந்தேன். அக்காவின் கார் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு, டாக்டர் வீட்டுக்கு இழுத்துவரப்பட்ட குழந்தையைப் போல வந்து நின்றது.

நிபுணர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். நான் திரையிலிருந்த 91-ஐக் காட்டினேன்.

"வண்டி தன்னைப் பத்தித் தானே சொல்றது சாட்சி ஆகாது," என்றார். "நீங்க உங்களைப் பத்திக் கேட்டா நல்லவன்னுதானே சொல்வீங்க?"

அன்றைக்கு அப்படிச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பேசாமல் நோட்டை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்காங்க. இவ்வளவு ஒழுங்கா இருக்கற பதிவேடு சந்தேகத்துக்குரியது." கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "இதோ பாருங்க. இந்த நாலு மாசம் எழுத்தே மாறிடுச்சு. பெருசு பெருசா, ஒரு வரி மேல இன்னொரு வரி ஏறுது. உண்மை எழுதறவங்களுக்குக் கோடு தப்பாது சார்."

நானும் எட்டிப் பார்த்தேன். எண்கள் கோட்டைவிட்டு இறங்கி, ஒன்றின் தலையில் இன்னொன்று உட்கார்ந்திருந்தன. இருபத்திரண்டு வருடமாக நான் கண்ணாடி விற்கிறேன். தினமும் நாற்பது பேரை நாற்காலியில் உட்காரவைத்து, 'இப்ப தெரியுதா? இப்ப?' என்று கேட்கிறேன். அப்படிப்பட்ட நான் அந்தப் பக்கத்தைப் பார்த்து, "ஆமாங்க, மாறித்தான் இருக்கு," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"கருவி எதையாவது சொருகிப் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பேட்டரியைச் சோதிக்கிறவங்க பண்றது. நாங்க நம்பிக்கையைச் சோதிக்கிறோம்."

காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடி நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை புருவத்தை உயர்த்தினார். இறங்கி வந்து அறிக்கையில் எழுதினார்: 'நம்பிக்கை வந்தது. நிலைக்கவில்லை.'

"அப்படின்னா?"

"உங்களுக்கு வகுப்பு தேவைப்படுது."

*

வகுப்பில் பதினான்கு பேர் இருந்தோம். எல்லோரும் முழு அவநம்பிக்கை. ஒருவர் தன் மாமனாரை நம்பவில்லை என்று எழுதிக் கொடுத்தவர். அவர் வீட்டில் மூன்று வாரமாகத் தனிச் சமையல் நடக்கிறதாம். இன்னொரு அம்மா பக்கத்துவீட்டுத் தோழியை எழுதிக் கொடுத்திருந்தார். "காரும் வரல, அவ பேச்சும் நின்னுபோச்சு. இப்ப ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சுவர் ஒசந்திடுச்சு," என்றார்.

தலைவர் வந்து மேடை ஏறினார். மைக் இரண்டு வார்த்தைக்குப் பிறகு உயிரை விட்டது. கம்பியில்லா மைக், உள்ளே பேட்டரி. அவர் குரலை உயர்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"நண்பர்களே, நம்பிக்கை என்பது இன்று எங்கே இருக்கிறது? குடும்பத்தில் இருக்கிறதா? நட்பில் இருக்கிறதா? இல்லை. இந்த ஆணையம் தொடங்கிய அன்று சிலரிடம் மிச்சமிருந்தது. ஒன்பது ஆண்டுகளின் இடைவிடாத உழைப்பால் அது முழுவதையும் திரட்டி இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்து பத்திரப்படுத்தியிருக்கிறோம். இன்று நகரத்தில் எவரும் எவரையும் நம்பிக் கார் வாங்குவதில்லை. இது எங்கள் சாதனை."

கவுண்டர் அம்மா கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

"நாங்கள் வழங்கிய சான்றுகளின் மேல் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. சான்று எதையுமே வழங்கவில்லை என்பதுதான் காரணம் என்று சில விஷமிகள் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது, அவசரப்பட்டு ஒரு சான்றைக் கொடுத்து, அந்த பேட்டரி நாளைக்குப் படுத்துக்கொண்டால், ஒன்பது ஆண்டுப் பெயர் என்ன ஆவது?"

மாமனார்க்காரர் எழுந்தார். "ஐயா, உங்க வண்டி கீழே நிக்குது, பெட்ரோல் வண்டியா இருக்கே?"

"நடுநிலை," என்றார் தலைவர். "நான் மின்வண்டி வைத்திருந்தால் ஒருபக்கம் சாய்ந்தவன் ஆகிவிடுவேன் அல்லவா? என் மனைவிகூட ஒன்று வாங்கலாம் என்றார். அந்த வண்டிகளின் மேல் அவ்வளவு நம்பிக்கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

மறுபடி கைதட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தோன்றிவிட்டது. வண்டியும் வேண்டாம், சான்றும் வேண்டாம், எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். கவுண்டருக்கு ஓடினேன். மணி நாலு இருபதாக இருந்தது.

"அவநம்பிக்கையை வாபஸ் வாங்கறீங்களா?" கவுண்டர் அம்மா ஏதோ தகாத வார்த்தையைக் கேட்டவர் போலப் பார்த்தார். "அதுக்கு நம்பிக்கை திரும்ப வந்துடுச்சுன்னு ஒரு சான்று வேணும் சார்."

"அதை யார் தருவாங்க?"

"நாங்கதான். வேற யார் தர முடியும்?"

"அப்ப குடுங்க."

"வகுப்பு இன்னும் பதினொண்ணு இருக்கே." பிறகு இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப வாபஸ் வாங்கியும் பிரயோஜனமில்ல சார். நகல் நேத்தே போயிடுச்சு."

"எங்க போயிடுச்சு?"

"விற்கிறவங்களுக்கு. அவங்களை நம்பலைன்னு அவங்களுக்குத் தெரிவிக்கணுமில்ல, அது முறை."

"நாலு வாரமா எனக்கு ஒரு தாள் வரல. இது மட்டும் எப்படிங்க ஒரே நாள்ல போகுது?"

"அந்தப் பிரிவுல பேட்டரி எதுவும் கிடையாது சார்," என்றார் அவர். "ஆள் சைக்கிள்ல போய்த் தபால்ல சேர்த்துடுவார்."

*

வீட்டுக்குப் போன் செய்து மனைவியிடம் சொன்னேன்.

"என்ன எழுதினீங்கன்னு படிங்க."

மனப்பாடமாக இருந்தது. சொன்னேன்.

"உங்களைத் திட்டறதுக்குக்கூட எனக்கு வார்த்தை வரலைங்க," என்றாள். "அக்கா வீட்டுக்குப் போங்க. இப்பவே. கடையை நான் பாத்துக்கறேன்."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. உண்மையான மணி காலை பதினொன்றுதான், தபால்காரர் மதியம்தான் வருவார், அவருக்கு முன்னால் போய்விடலாம் என்று ஒரு கணக்கு. பிடுங்கிக் கிழித்துவிடலாம். கிழித்த தாளுக்கு என்ன செய்வது? தின்றுவிட்டால்கூட நல்லது.

அக்கா கதவைத் திறந்தாள். "என்னடா இந்த நேரத்துல? கடையை யார் பாத்துக்கறா?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. உள்ளே மேசைமேல் பழுப்பு உறை ஒன்று கிடந்தது. சிவப்பு முத்திரை. உறை பிரிந்திருந்ததா இல்லையா என்று கவனிக்கிற நிதானம் எனக்கு இல்லை.

"உக்காரு," என்று டீ ஊற்றினாள். கோப்பையின் விளிம்புக்கு உள்ளே ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு ஊற்றினாள். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினாள். என் கடையில், கண்ணில் புரை முற்றிய கிழவர்கள் தண்ணீர் ஊற்றிக் குடிக்கும்போது இப்படித்தான் செய்வார்கள். அப்போதும் நான் உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏதோ ஆபீஸ் கடுதாசி வந்திருக்கு," என்றாள். "கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன். நீயே படியேன்."

கண்ணாடி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நானே அளவெடுத்துச் செய்து கொடுத்தது.

தாளை எடுத்தேன். என் கையெழுத்து நகலிலும் திருத்தமாக விழுந்திருந்தது. 'கீழே கையொப்பமிட்டுள்ள உடன்பிறந்த தம்பியாகிய நான், என் மூத்த சகோதரியின் மேல் முழு அவநம்பிக்கை கொண்டிருக்கிறேன் என்று உறுதி கூறுகிறேன்.'

"படிடா."

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "அன்புடையீர்," என்று தொடங்கினேன். "தங்கள் வண்டியை ஆணையம் நன்கு சோதித்தது. மின்கலம் மிக நல்ல நிலையில் உள்ளது. அதைத் தாங்கள் பராமரித்த விதம் பாராட்டுக்குரியது. தங்கள் பதிவேட்டைக் கண்டு நிபுணர்கள் வியந்தனர். தங்கள் சொல்லை எவரும் முழுமையாக நம்பலாம்."

ஒன்பது ஆண்டுகளில் அந்த ஆணையத்தின் பெயரில் வழங்கப்பட்ட முதல் சான்று அதுதான். அதை நான்தான் வழங்கினேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"நல்லா படிக்கிற," என்றாள் அக்கா. "காலையில தபால்காரர் வேற மாதிரி படிச்சார்."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பாவம் அந்த மனுஷன்," என்றாள். "பாதியில நிறுத்திட்டு, 'அம்மா, இது வேற யாருக்காவது வந்ததா இருக்கும்'னார். இல்லைப்பா, தம்பி எனக்கு ஒருத்தன்தான், நீ மேல படின்னேன்."

"அக்கா..."

"'சிறு வயதிலிருந்தே பல முக்கியமான விஷயங்களை மறைத்து வந்துள்ளார்'னு ஒரு வரி வந்துச்சே. நீ படிக்கும்போது அதை விட்டுட்டியே?" அவள் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்த முழுக் கடுதாசியிலயும் அது ஒண்ணுதாண்டா உண்மை. உன் கணக்குப் பரீட்சைத் தாள் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. முப்பத்தி ஆறு."

"இருபது வார்த்தை வேணும்னாங்க," என்றேன். இதைவிட மோசமான மன்னிப்பை யாரும் கேட்டிருக்க முடியாது. "முழுசுன்னு போட்டா ஏழு நாள்ல கிடைச்சிடும்னாங்க. நீ பாதியில நிறுத்தினியா, பேட்டரியில ஏதோ கோளாறு இருக்கு, சொல்ல உனக்குக் கூச்சம்னு நினைச்சுட்டேன். உன்கிட்ட நேரா கேட்டா மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"என் மனசு கஷ்டப்படுமேன்னு போய் முத்திரை குத்தி அனுப்பினியாக்கும்."

மேசைமேல் நோட்டு இருந்தது. சோதனை முடிந்த அன்று வண்டியைக் கொண்டுவந்து விட்டபோது நானே வைத்தது. கடைசிப் பக்கங்கள் காற்றில் புரண்டன. பெரிய பெரிய எண்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி. அதைப் பார்த்தேன். டீயின் சூட்டில் சிவந்திருந்த அவள் விரலைப் பார்த்தேன். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தேன். பிறகுதான் அவள் கண்களைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கருமணிகளும் பால் கலந்த மாதிரி இருந்தன.

"அக்கா," என்றேன். "இப்ப நான் தெரியறேனா?"

"நீ உக்காந்திருக்கறது தெரியுது. மூஞ்சி தெரியல. நல்லதாப் போச்சு, இப்ப உன் மூஞ்சியைப் பாக்க எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா மோசம். அதான் வண்டியை எடுத்துக்கோன்னேன். ஒரு நோயாளி வீட்டு வாசல்ல பூந்தொட்டி மேல ஏத்திட்டேன். தொட்டிக்குப் பதிலா ஒரு குழந்தையா இருந்திருந்தா?"

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் கண்ணாடிக்காரன், அக்கா. ஊருல இருக்கற கண்ணையெல்லாம் பாக்கறேன்."

"ஆமா. ஊருக்கே பாக்கற," என்றாள். அதில் குத்தல் இல்லை. அதனால்தான் குத்தியது. "சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ கடிகாரத்தைப் பாத்த. உனக்கு வேலை, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். எனக்கு உதவி கேட்டுப் பழக்கமில்லையேடா. கேக்கறவங்க வீட்டுக்கெல்லாம் போய்த்தான் பழக்கம்."

டீ ஆறிப்போயிருந்தது. எடுத்துக் குடித்தேன். அதையாவது அவள் சொன்னபடி செய்யவேண்டும்போல இருந்தது.

"அன்னிக்கு 'ஆனா ஒண்ணு'ன்னியே," என்றேன். "அது என்ன?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு."

"உனக்கு நேரமாகலையா?"

கடை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி, அவளுக்குச் சத்தம் கேட்கும்படி மேசைமேல் வைத்தேன். அவள் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். துடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் வெகுநேரம் துடைத்தாள். இருபத்தாறு வருஷம் அடுத்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு 'ஒண்ணும் ஆகாது' என்று சொன்னவள், மேசைமேல் என் கை எங்கே இருக்கிறது என்று தடவினாள்.

"வர்ற வியாழக்கிழமை கண் ஆபரேஷன் வெச்சிருக்காங்க," என்றாள். "ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர், போக வர நூத்தி நாப்பது. எண்பது வரைக்கும் சார்ஜ் போட்டா வண்டி போயிட்டு வந்துடும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. தனியா போகத்தான் பயமா இருக்கு. நீ கூட வர்றியாடா?"